டெபியன் 13-க்கு ஏறுமுன் வெளியாட்களைக் கவனியுங்கள்

பாளையங்கோட்டைப் பள்ளி லேபானாலும் அம்பாசமுத்திரம் ஜெராக்ஸ் கடையானாலும், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு (புக்வார்ம்) ஓடும் கணினியை 13-க்கு (டிரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியானது) ஏற்றுவது மலையைப் புரட்டும் வேலை இல்லை. டெபியனின் இணையக் கிடங்கில் உள்ள பேக்கேஜ்கள் (டெப் ஃபைல்களாக வரும் மென்பொருள் பொதிகள்) சொன்ன பேச்சு கேட்கும். நிறுவி, ஏற்றி, நீக்கிப் பார்ப்பதற்கென்றே பியூபார்ட்ஸ் என்று ஒரு சோதனைக் கருவி அங்கே இருக்கிறது. வம்பு வருவது நாம் வெளியிலிருந்து இறக்கிப் போட்ட டெப் ஃபைல்களால்தான்: பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர்.

11-இலிருந்து நேரே 13-க்குத் தாவக்கூடாது, 12 வழியாகத்தான் வரவேண்டும். 32-பிட் பிராசஸர் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். 13-இல் அதற்குக் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை.

முதலில் 12-ஐயே முழுதாக அப்டேட் செய்யுங்கள். பிறகு, பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஆப்ட் கருவியின் 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளையோடு, ஒற்றை மேற்கோளுக்குள் டில்டே குறியும் சின்ன ஓ எழுத்தும் கொடுங்கள். எந்தக் கிடங்கிலும் இல்லாத பேக்கேஜ்கள் வரிசையாக வரும். இவர்கள்தான் வெளியாட்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' போட்டு, பதிப்பு மாறாதபடி எப்போதோ பிடித்துக் கட்டிவைத்தவை உண்டா என்றும் பாருங்கள். புதிய வடிவம் கிடைக்கிற டிரைவருக்கு அதை இறக்கி வைத்துக்கொண்டு பழையதை நீக்கிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? டெப் ஃபைலுக்குள் 'எனக்கு இன்னின்ன வேண்டும்' என்று ஒரு வரி உண்டு. 'பைத்தான் 3.12-க்குக் கீழே இருக்கவேண்டும்' என்று ஒரு டிரைவர் அடம்பிடித்தால், 13-இல் இருப்பதோ 3.13. ஆப்ட் அந்த டிரைவரைக் கழற்றும், இல்லை அதற்காக மற்ற பேக்கேஜ்களைப் பழையதிலேயே நிறுத்திவைக்கும்.

அடுத்து டிஸ்க்கில் இடம். 'டிஎஃப் -ஹெச்' போட்டுப் பாருங்கள். பூட் அடைவு தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் மொத்தம் 768 எம்பி, அதில் 300 எம்பி காலியாக இருப்பது நல்லது. இல்லையென்றால் இனிட்ராம்எஃப்எஸ் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்கு உதவும் ஃபைல்) எழுதும்போது இடமில்லை என்று பாதியில் நிற்கும். பழைய கெர்னல்களை 'ஆட்டோரிமூவ்' கொடுத்து நீக்குங்கள். எட்சி (கணினியின் அமைப்பு ஃபைல்கள்), ஹோம் (உங்கள் ஃபைல்கள்) அடைவுகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள்.

இனி, கிடங்கு முகவரிகள் உள்ள சோர்சஸ் ஃபைல்களில் புக்வார்ம் என்று இருக்கும் இடமெல்லாம் டிரிக்ஸி ஆக்குங்கள். செக்யூரிட்டி வரியை விட்டுவிடாதீர்கள். பேக்போர்ட்ஸ் (பழைய பதிப்புக்குப் புதிய மென்பொருள் தரும் கிடங்கு) வரியை அணைத்துவையுங்கள். 'ஆப்ட் அப்டேட்' முடிந்ததும் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு --டவுன்லோட்-ஒன்லி' கொடுங்கள். இது ஃபைல்களை இறக்கிவைக்கும், எதையும் நிறுவாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாள் டேட்டா போதாவிட்டால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இருபது கணினி லேபில் ஒன்றில் மட்டும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (இறக்கியதைச் சேமித்து மற்றவற்றுக்கும் தரும் மென்பொருள்) போட்டு, மற்றவற்றை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்புங்கள். பெரும்பாலானவை ஒரே தடவைதான் இறங்கும். கிடங்கு முகவரி ஹெச்டிடிபியாக இருக்கவேண்டும், எஸ் சேர்ந்தால் கேச் ஆகாது.

நிறுவுகிற நாளை மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வைக்காதீர்கள். ஐப்பசி இடி மழை மாலையும் வேண்டாம். சின்ன யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். பழைய ஹார்டுடிஸ்க்கில் நிறுவல் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

டெஸ்க்டாப் ஜன்னலில் செய்யாமல், கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள். முதலில் 'ஆப்ட் அப்கிரேடு --வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்', அது முடிந்தபின் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு'. இதில் 'நீக்கப்படும்' பட்டியலை நிதானமாகப் படியுங்கள். லிப்கப்ஸ்2 (பிரிண்ட் வேலைக்கான நூலகம்) போய் லிப்கப்ஸ்2டி64 வருவது போன்றவை சகஜம். 2038-இல் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் என்பதற்காக நூலகங்களுக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். டெஸ்க்டாப்பே நீக்கப்படும் என்று வந்தால் 'என்' அழுத்தி வெளியேறி, மிச்சமிருக்கும் வெளியாளைத் தேடுங்கள்.

நடுவே கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலைப் பற்றிக் கேட்கும். நீங்களும் மாற்றி, பேக்கேஜ்காரரும் மாற்றியிருந்தால்தான் இந்தக் கேள்வி வரும். வெறும் எண்டர் தட்டினால் உங்களுடையது நிற்கும், புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். 'ஒய்' கொடுத்தால் உங்களுடையது டிபிகேஜி-ஓல்ட் ஆகும். 'டி' அழுத்தி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கரண்டு போய்விட்டதா? கணினி வந்ததும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', பிறகு மறுபடி ஃபுல்-அப்கிரேடு. இரண்டு நிறுவல் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் லாக் ஃபைலைக் கையால் அழிக்கும் யோசனையைக் கேட்காதீர்கள்.

ரீபூட் ஆனதும், இறக்கிவைத்த புதிய டிரைவர்களை நிறுவி, தமிழ்99-இல் ஒரு வரி அடித்து, அதையே பிரிண்ட் எடுங்கள். தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் அடைவு 13-இல் ரேமில் இருக்கும், பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். பெரிய ஸ்கேன்களை அங்கே போடும் பழக்கம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். லேபில் முதல் கணினியை ஒரு வாரம் பிள்ளைகள் கையில் விட்டுவையுங்கள். மற்ற பத்தொன்பதைத் தொடுவது அதற்கப்புறம்.