ஒப்புதல் வாக்குமூலத்துக்குக் காத்திராமல்: திருகோணமலையில் பழைய காணாமற்போனோர் கோப்பைத் தயார்செய்யும் முறை

1990ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் உறவுகளைப் பறிகொடுத்த திருகோணமலை வீடுகளில், கொண்டுபோனவர் வாய் திறந்தால்தான் உண்மை வெளிவரும் என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. அந்த எதிர்பார்ப்பைக் கைவிடுவதே முதல் வேலை. சந்தேகநபர் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. ஆகவே சாதாரண சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கு எப்படியும் வேறு சான்றுகளில்தான் நிற்க வேண்டும். 2008, 2009 காலப்பகுதியில் கடத்தப்பட்ட 11 பேர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்ததாகக் கூறப்படும் வழக்கில் விசாரணையை நகர்த்தியவை, ஓர் அதிகாரியின் அறையில் கிடைத்த அடையாள ஆவணங்களும் தொலைபேசித் தகவல்களுமே.

கடைசியாகக் கண்ட நாளில் இருந்து தொடங்குங்கள். எந்தச் சோதனைச்சாவடி, என்ன வாகனம், எத்தனை மணி, அன்று என்ன உடுப்பு என்பவற்றை, பார்த்தவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அதே நாளில் பிடிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர் எவராவது இருந்தால், அவரே இந்தக் கோப்பின் மிகப் பெறுமதியான மனிதர். அவர் இப்போது கிண்ணியாவில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், வற்புறுத்தாமல், அவருடைய பாதுகாப்பை முன்வைத்துப் பேசி, சட்டத்தரணி ஊடாகச் சத்தியக்கடதாசி பெற முயலுங்கள்.

அடுத்து, ஏற்கெனவே கொடுத்தவற்றின் பிரதிகளைத் திரட்ட வேண்டும். பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பதிவு, தடுத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு, ஆணைக்குழுக்கள் முன் சொன்ன சாட்சியம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். தொலைந்துபோனவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. தாய் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக்கொண்ட முறைப்பாடுகளில் திகதியும் ஊர்ப்பெயரும் பிழைத்திருக்கலாம். அந்தப் பிரதியில் கைவைக்காதீர்கள். பிழை எப்படி வந்தது என்பதைப் புதிய சத்தியக்கடதாசியில் விளக்குங்கள். இல்லாவிட்டால் அந்த முரண்பாட்டையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

இவற்றை விட அவசரமானது, மீட்கப்படும் எலும்புகளோடு ஒப்பிடுவதற்கான மரபணு (DNA) மாதிரி. தாயின் வழியாக வரும் இழைமணி மரபணு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதால், தாய் இறந்துவிட்டாலும் அவருடைய சகோதரிகள், காணாமற்போனவரின் உடன்பிறந்தோர், சகோதரியின் பிள்ளைகள் ஆகியோரின் மாதிரிகள் ஒப்பீட்டுக்கு உதவும். காணாமற்போனவர் ஆணாயின், தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் மரபணுவை ஒப்பிடத் தகப்பன் வழி ஆண் உறவினரின் மாதிரியும் உதவும். குடும்பத்தில் வயதில் மூத்தவரை முன்னுக்கு வையுங்கள். இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். சில குடும்பங்களில் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து, அரைஞாணில் கட்டிப் பின்னர் பெட்டகத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் காய்ந்த துண்டு அவருடைய சொந்த உடல். மரபணு இன்னும் சிதையாமல் இருந்தால் நேரடி ஒப்பீட்டுக்கு அதைப் போன்ற சான்று வேறில்லை. தாயத்தைத் திறக்கவோ கழுவவோ வேண்டாம். ஈரம் தங்கும் பொலித்தீன் பையில் இடாமல் கடதாசி உறையில் இட்டு ஒட்டி, பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். பால்பல்லுக்கும் இதே முறைதான். எலும்பு முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரே படம், கட்டிய பல், சட்டையைத் தைத்த தையல்காரரின் அடையாளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 2025இல் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் மீட்கப்பட்ட உடுப்புகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன.

அதே ஆண்டு சம்பூர் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. உங்கள் ஊரில் அப்படி ஏதேனும் தென்பட்டால் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். சட்டத்தரணி மூலம் உடனே நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள். எலும்பு கிடைத்ததும் நம்முடைய பிள்ளைதான் என்று முடிவுகட்டவும் கூடாது. மன்னார் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டபின், 2019இல் வந்த, எலும்பின் காலத்தைக் கணிக்கும் காபன் பரிசோதனையின் அறிக்கை அவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை எனக் கூறியது. அந்த முடிவு இன்றும் கேள்விக்குள்ளாகிறது.

அரசு அமைத்த காணாமற்போனோர் அலுவலகத்தின் மீது தாய்மாருக்கு நம்பிக்கை இல்லாததை நான் நன்கு விளங்கிக்கொள்கிறேன். அதன் கண்டறிதல் எவர் மீதும் குற்றப்பொறுப்பைச் சுமத்தாது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் பதிவு செய்துவைப்பது நல்லது என்பதே என் கருத்து, ஏனெனில் ஒருவருக்கு என்ன நடந்தது என்று கண்டறிவதும் குற்றவாளியைத் தண்டிப்பதும் வெவ்வேறு வேலைகள். பல பத்தாண்டுகள் கடந்த வழக்குகளில் முதலாவதற்கே வாய்ப்பு அதிகம்.

தண்டனையை நாடுவோர் சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டியது காலவரையறையைப் பற்றியே. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, பொதுவாகக் குற்றங்களுக்கு 20 ஆண்டுகளின் பின் வழக்குத் தொடர முடியாது. கொலைக்கு அந்த எல்லை இல்லை. எனவே கடத்தலை மட்டும் காட்டும் கோப்பு பழைய சம்பவங்களில் வலுவிழக்கலாம். அவர் கொல்லப்பட்டார் என்பதைச் சூழ்நிலைச் சான்றுகளால் காட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். அதை ஏற்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கொடியது என்பதைச் சட்டத்தரணியும் உணர்ந்து பேச வேண்டும்.

கோப்பு முழுமையானதும் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைச் சட்டத்தரணியிடமும் ஒன்றை வெளியூரில் உள்ள உறவினரிடமும் வையுங்கள். இதை அடுத்து யார் பொறுப்பேற்பார் என்பதை முதல் பக்கத்திலேயே பெயர் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.