இன்சூரன்ஸ் இல்லாத கார்: அபராதத்தோடு கணக்கு முடிவதில்லை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-வது பிரிவுப்படி, இந்தியச் சாலையில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான காப்பீடு, கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் 196-வது பிரிவின்படி முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். பலரும் இந்த ரூ.2,000-ஐப் பிரீமியத்தோடு ஒப்பிட்டு, "மாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

விபத்தில் ஒருவர் இறந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் நஷ்ட ஈட்டை எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? இறந்தவர் 30 வயதுச் சுயதொழிலர், மாத வருமானம் ரூ.30,000, அவரை நம்பி நான்கு பேர் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் ரூ.3.6 லட்சம். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் ரூ.5.04 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு போக ரூ.3.78 லட்சம். இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 30 வயதுக்கு அது 17. ஆக ரூ.64.26 லட்சம், இதற்கு மேல் வட்டி வேறு. பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். இல்லையென்றால் உரிமையாளரின் வீடு, நிலம், வங்கிக் கணக்கு என்று வசூல் நீளும். பிடிபட்ட வண்டியும் எளிதில் திரும்பாது: நஷ்ட ஈட்டுக்குப் போதிய பிணை கட்டாவிட்டால் அதை ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்தலாம்.

"நான் ஓட்டவில்லையே, மச்சான்தானே எடுத்துப் போனான்" என்பது செல்லாது. ஓட்டுபவரோடு, ஓட்ட அனுமதித்தவரும் 196-வது பிரிவில் குற்றவாளிதான்.

காரை விற்றவர்கள் செய்யும் தவறு இன்னும் மோசம். பணம் வாங்கி, சாவி கொடுத்து, உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்தும் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பெயர் மாறாத வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. வாங்கியவர் பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓட்டி யாரையாவது இடித்தால், நோட்டீஸ் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் வரும். வாங்கியவரும் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் பெயரை மாற்ற வேண்டும்.

பாலிசி காலாவதியான பிறகு விபத்து நடந்து, அவசரமாக மொபைலில் புதுப்பிப்பவர்களும் உண்டு. பயனில்லை. பாலிசியில் தொடங்கும் மணி அச்சிடப்பட்டிருந்தால் பாதுகாப்பு அந்த மணியிலிருந்துதான். அதே நாளில் காலையில் நடந்த விபத்துக்கு மாலையில் எடுத்த பாலிசி உதவாது. பிரீமியத்துக்குக் கொடுத்த செக் திரும்பினாலும் சிக்கல்தான்.

பாலிசி கையில் இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

காலாவதி ஆகிவிட்டால் வண்டியை எடுக்காமல் முதலில் தேர்டு பார்ட்டி பாலிசியை ஆன்லைனில் போடுங்கள். சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் முழுப் பாலிசி வேண்டுமென்றால் கம்பெனி வண்டியைப் பரிசோதிக்கக் கேட்கும். 90 நாட்களைத் தாண்டினால், கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காக அதுவரை சேர்த்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும்.