கடல் பார்த்து நாள் குறியுங்கள்: கரையோர ஊரில் மருத்துவக் கல்லூரி முகாம்

சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், பட்டம் தரும். ஊருக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டியது அதனோடு இணைந்த கல்லூரிகள். 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதில் ஒன்று. எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிப்பது இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பிரஷர், சுகர் பார்க்கும் முகாமை அந்த வீடுகளிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் நாள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றித் தொழிலுக்குப் போகும். கடல்பாசி எடுக்கும் பெண்கள் நீரோட்டம் பார்த்துக் கிளம்புவார்கள். கல்லூரிக்கு வசதியான நாளில் போனால் வயதானவர்களும் குழந்தைகளும் மட்டுமே வருவார்கள்; பிரஷர் இருப்பதே தெரியாத நாற்பது வயது ஆள் கடலில் இருப்பார். ஊர்த் தலைவரிடமும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் கேட்டு நாள் குறியுங்கள். கீழக்கரையில் வெள்ளி மதியத் தொழுகை நேரமும், கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு காலைப் பூசை நேரமும் வேண்டாம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் மிக நல்ல காலம்.

பிரஷர் பார்ப்பதில்தான் அதிகம் தவறுகிறது. வந்தவரை நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காரவையுங்கள். அரை மணிக்குள் பீடியோ டீயோ குடித்திருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள். புஜத்தில் சுற்றும் பிரஷர் கருவிப் பட்டை சட்டைக் கையின் மேல் வேண்டாம். வலை இழுத்துப் புஜம் பருத்தவருக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்றாவது கையில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். உட்காரவைக்கும் நேரம் போக, ஒருவருக்கு 4 நிமிடம் ஆகும். இரண்டு பேர் 3 மணி நேரத்தில் 90 பேரைத்தான் பார்க்க முடியும். அதற்கு மேல் டோக்கன் கொடுக்காதீர்கள். 140/90க்கு மேல் என்றால் வேறொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். 180/110ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுகர் பரிசோதனைக்கு முன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். பழமோ இனிப்போ ஒட்டிய விரல் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துவைத்தால் கடற்காற்றின் ஈரத்தில் கெடும். எடுத்த உடனே மூடுங்கள், வெயிலில் நிற்கும் வேனில் விடாதீர்கள். 140ஐத் தாண்டினால் வெறும்வயிற்றில் இன்னொரு பரிசோதனை வேண்டும். முகாமிலேயே ‘உங்களுக்குச் சுகர்’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

பரிந்துரைச் சீட்டு இரண்டு படி எழுதுங்கள். ‘மேல்சிகிச்சைக்கு’ என்று மொட்டையாக எழுதினால் யாரும் போகமாட்டார்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடிவதை அங்கேயே அனுப்புங்கள். கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமென்றால் எந்தக் கிழமை, எந்த ஓ.பி., எந்த அறை என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். கடலில் தங்கி மீன்பிடிப்பவருக்கு மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் கொடுங்கள்.

இரண்டாம் படி கல்லூரியில் இருக்கட்டும். 30 நாள் கழித்து, மேல்சிகிச்சைக்கு வராதவர்களின் பெயரைப் பிரித்து, அந்த வீட்டைத் தத்தெடுத்த மாணவரையே அனுப்புங்கள்.