பழைய சி10-க்கு 5.3 எஞ்சின்: ஒயரிங்கை நாமே செய்வது எப்படி?

பழைய வண்டிக்கு வேறு எஞ்சின் போடும்போது, எஞ்சினை இறக்கி ஏற்ற யாரும் பயப்படுவதில்லை. ஒயரிங் என்றதும்தான் பின்வாங்குகிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே புதிய ஹார்னஸ் (கனெக்டர்களோடு கட்டிய ஒயர் தொகுப்பு) தயாராக விற்கிறது, விலை பல நூறு டாலர். ஆனால் எஞ்சினோடு வந்த பழைய ஹார்னஸே போதும். வேலையில் முக்கால்வாசி, தேவையில்லாத ஒயர்களைக் கழிப்பதுதான்.

உதாரணத்துக்கு 1972 செவ்ரோலே சி10 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஏற்றப்போவது 1999–2002 சில்வராடோவின் 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சின். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுகளில் இது எளிதாகக் கிடைக்கும். கேபிள் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவை ஆக்சிலரேட்டர் பெடல் கேபிளால் மாற்றும் வகை) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மின்சார த்ராட்டில் என்றால் அதன் பெடலும் தனி மாட்யூலும் பொருத்தமாக அமைய வேண்டும். முதல் முயற்சிக்கு அந்தத் தலைவலி வேண்டாம். ஹார்னஸையும் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரையும் அதே வண்டியிலிருந்து எடுங்கள். கனெக்டரை ஒட்டி ஒயரை நறுக்கித் தருகிறவரிடம் வாங்காதீர்கள்.

1. பெயர் எழுதி ஒட்டுங்கள்

எஞ்சினிலிருந்து கழற்றும்போதே ஒவ்வொரு கனெக்டரிலும் பெயர் ஒட்டிவிடுங்கள். பிறகு மேலே உள்ள உறையையும் டேப்பையும் முழுவதும் உரித்து, ஒரு பெரிய மேசையில் விரியுங்கள். கட்டரை இன்னும் தொட வேண்டாம்.

2. எது வேண்டும், எது வேண்டாம்

கம்ப்யூட்டரில் நீலம், சிவப்பு என இரண்டு கனெக்டர்கள், ஒவ்வொன்றிலும் 80 பின் (ஒயரின் உலோக முனை). 2003 முதல் வந்தவற்றில் சிவப்புக்குப் பதில் பச்சை இருக்கும், பின் வரிசையும் மாறும். அதனால் உங்கள் ஆண்டுக்கான வரைபடத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பி எதையும் வெட்டாதீர்கள்.

இன்ஜெக்டர், காயில், கிராங்க், கேம், எம்ஏபி (காற்றழுத்தம்), எம்ஏஎஃப் (காற்றின் அளவு), த்ராட்டில், ஐட்லிங், வெப்பநிலை, நாக் (எஞ்சின் தட்டும் ஓசை) சென்சார்கள், முன்பக்க ஆக்சிஜன் சென்சார் இரண்டு: இவை இருக்கட்டும். அதே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் போடுகிறீர்கள் என்றால் அதன் ஒயர்களும் இருக்கட்டும். பின்பக்க ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி உறிஞ்சும் அமைப்பு போன்றவற்றை எடுக்கும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. 1976 முதல் உள்ளவற்றில் இவை எல்லாமே இருந்தாக வேண்டும்.

வேண்டாத ஒயரை நடுவில் நறுக்காமல், கனெக்டரின் பூட்டைத் திறந்து மெல்லிய ஊசியால் பின்னோடு வெளியே எடுங்கள். பிறகு வேறு எதற்காவது அந்தப் பின் உதவும்.

3. வண்டியோடு இணைப்பது

இங்கே நிதானம் வேண்டும். ஆரஞ்சு ஒயர்கள் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் பெற வேண்டும். இளஞ்சிவப்பு ஒயர்கள் சாவி போட்டதும் உயிர் பெற வேண்டும், ஸ்டார்ட் செய்யும்போதும் அணையக் கூடாது. ரேடியோவுக்குப் போகும் லைன் ஸ்டார்ட் செய்யும்போது நின்றுவிடும். அதிலிருந்து எடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சி10-இல் இன்னொரு பொறி உண்டு. பழைய இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயர் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர், அதில் முழு 12 வோல்ட் வராது. ஃபியூஸ் பாக்ஸின் இக்னிஷன் லைனிலிருந்து ஒரு ரிலேவை (சிறு கரண்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இயக்கி, அதன் வழியாக ஃபியூஸ்களுக்குக் கரண்ட் கொடுங்கள். காயிலும் இன்ஜெக்டரும் இடப்பக்கத்துக்கு ஒரு ஃபியூஸ், வலப்பக்கத்துக்கு ஒன்று.

ஃபியூயல் பம்ப் ரிலேவுக்குக் கம்ப்யூட்டர் தருவது பாசிட்டிவ். ரிலேயின் மறுமுனை எர்த்துக்குப் போகும். ஃபேன் ரிலேவுக்கு நேர்மாறு, கம்ப்யூட்டர் தருவது எர்த். இரண்டையும் ஒரே மாதிரி இணைத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். ஆல்டர்னேட்டரின் எல் முனைக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகும். பல்பு அல்லது ரெசிஸ்டர் வழியாகவே கொடுங்கள். ஸ்டார்ட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், வண்டியின் பழைய ஊதா ஒயரே போதும்.

எர்த் ஒயர்களைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில், சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் இறுக்குங்கள். பேட்டரி, எஞ்சின், சேஸி, கேபின் நான்கும் தடித்த ஒயரால் இணைந்திருக்க வேண்டும். காரணம் புரியாத கோளாறு வந்தால் நான் முதலில் பார்ப்பது இங்கேதான்.

4. ஒட்டு

ஒயர்களை ஒட்ட சால்டர் (ஈயப் பற்று) வேண்டாம். சால்டர் வைத்த இடத்தின் ஓரத்தில் ஒயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அங்கேதான் ஒடியும். நல்ல கிரிம்ப் கருவியும் (ஒயர் இணைப்பை அழுத்தி இறுக்குவது) பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் (சூட்டில் சுருங்கும் குழாய்) வாங்குங்கள். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாக வையுங்கள். புது ஒயர் தேவைப்பட்டால் வெப்பம் தாங்கும் வாகன ஒயரே வேண்டும், வீட்டு ஒயர் கூடாது.

5. சோதனை

கம்ப்யூட்டரைச் செருகும் முன் ஒவ்வொரு பவர் பின்னையும் மீட்டரோடு சேர்த்து ஒரு டெஸ்ட் பல்பாலும் சோதியுங்கள். ஒரே இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பை எரிய வைக்காது.

பிறகு செருகிச் சாவியைப் போடுங்கள். பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்க வேண்டும். ஸ்கேனர் (கோளாறு படிக்கும் கருவி) செருகும் போர்ட்டில் 16-ஆம் பின்னுக்குப் பேட்டரி, 4, 5-க்கு எர்த், 2-க்குக் கம்ப்யூட்டரின் டேட்டா ஒயர். ஸ்கேனர் பேசினால் பாதி வெற்றி. எஞ்சின் பிடித்த ஓரிரு விநாடியில் அணைந்தால் ஒயரைக் குடையாதீர்கள். அது பெரும்பாலும் திருட்டுத் தடுப்பு. அதைக் கம்ப்யூட்டரின் புரோகிராமில் அணைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடிய பிறகே துணி டேப்பைச் சுற்றி உறை மாட்டுங்கள். எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி, கிளிப் போட்டுக் கட்டுங்கள்.