பக்க மிதவைத் தோணியில் ஏறும் முன்

ஹவாய்க் கடற்கரையில் ஒரு பக்கம் மிதவை கட்டிய, ஆறு பேர் துடுப்புப் போடும் நீளத் தோணியைப் பார்த்ததும் நம்மவர்கள் "அட, கட்டுமரம்!" என்று சொல்லிவிடுகிறார்கள். கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இந்தப் பக்க மிதவைத் தோணியோ ஒரே மரத்தைக் குடைந்த தோணியின் வாரிசு. பழைய ஹவாய்த் தோணிகள் அங்கே வளரும் 'கோவா' (koa) என்ற மரத்தில் செய்தவை. நம் பக்கத்தில் சொந்தம் தேடினால் இலங்கையின் நீர்கொழும்பு மீனவர்களின் ஒருவா வள்ளத்தைத்தான் காட்ட வேண்டும். அதிலும் ஒரு பக்கம் மிதவை உண்டு.

பொலினீசியர்கள் (ஹவாய், தாஹிதி போன்ற பசிபிக் தீவுகளின் மக்கள்) காற்று அடித்த திசையில் மிதந்துபோய்த் தீவுகளில் ஒதுங்கியவர்கள் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். ஆனால் வழி தெரிந்தே போக முடியும் என்று காட்டும்படி, 1976இல் ஹொகுலேயா என்ற தோணி, திசைகாட்டும் கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு வழிகாட்டிய மௌ பியாய்லுக் என்பவர் பொலினீசியர் அல்ல, மைக்ரோனேசியாவின் சதவால் தீவுக்காரர். ஹொகுலேயாவும் பக்க மிதவைத் தோணி அல்ல. இரண்டு தோணிகளை இணைத்துக் கட்டியது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

மிதவையைக் குறுக்குக் கம்புகளோடு கயிற்றால் கட்டியிருப்பதைப் பார்த்து, "போல்ட் போட்டு முடுக்கினால் உறுதியாக இருக்குமே" என்று யோசனை சொல்ல வேண்டாம். அலை முறுக்கும்போது கயிறு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இறுகப் பிடித்த இடம்தான் விரிசல் விடும். அன்று தேங்காய் நார்க் கயிறு, இன்று பெரும்பாலும் வேறு கயிறு. முறை மட்டும் அதேதான்.

கரையில் கிடக்கும் தோணியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். அதைக் குடும்பத்தில் ஒருவராக மதிக்கிறார்கள். காலில் ஒட்டிய மணலையும் கழுவிவிட்டு ஏறினால் நல்லது.

சரி, ஏறியாயிற்று. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 'அமா' என்கிற மிதவை ஹவாயில் இடப்பக்கம் இருக்கும். அலை தூக்கி அது தண்ணீரை விட்டு எழும்பியதும் பயந்துபோய் வலது விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சாய்வார்கள். அவ்வளவுதான், தோணி கவிழ்ந்துவிடும். சாய வேண்டியது இடப்பக்கம். எடை மிதவையை அழுத்த வேண்டும். அப்படியும் கவிழ்ந்தால் ('ஹூலி' என்பார்கள்) தனியாக நீந்திக் கரையேறப் பார்க்காதீர்கள். துடுப்பையும் தோணியையும் விடாமல் பிடித்து, முதலில் ஆறு தலையும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். தோணியை நிமிர்த்துவதெல்லாம் அப்புறம்.