சீஸ் ஆன் டோஸ்ட்: பிரெட்டை ஒரு பக்கம் வாட்டணுமா, இரண்டு பக்கமுமா?

பிரிட்டனில் சீஸ் ஆன் டோஸ்ட் என்று கேட்டால், இரண்டு துண்டுக்கு நடுவில் சீஸை வைத்து அழுத்திச் சுட்ட சாண்ட்விச் வராது. ஒரு துண்டு பிரெட், அதன் மேல் சீஸ், தலைக்கு மேலிருந்து நேரடிச் சூடு, அவ்வளவுதான். இதில் பிரெட்டை எப்போது வாட்டுவது, சீஸைத் துருவுவதா நறுக்குவதா, சாஸ் முன்னாடியா பின்னாடியா என்று எல்லாவற்றுக்கும் இரண்டு கட்சி உண்டு. யார் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது என்பதைச் சொல்லிக்கொண்டே செய்முறைக்கும் வருகிறேன்.

முதலில் கிரில். அங்கே அடுப்போடு சேர்ந்தே வருகிறது, மேலிருந்து மட்டும் சூடு இறங்கும். உங்களிடம் ஓடிஜி (மேலும் கீழும் சூடேறும் சின்ன மின்சார அவன்) இருந்தால் கீழ்க்கம்பியை விட்டுவிட்டு மேல்கம்பியை மட்டும் போடுங்கள், அதே வேலை நடக்கும். தோசைக்கல்லில் மூடி போட்டுச் செய்தால் சீஸ் உருகும், ஆனால் மேலே சிவக்கவே சிவக்காது, அந்தப் பழுப்புப் புள்ளிகளில்தான் பாதி ருசியே இருக்கிறது. எதில் செய்தாலும் ஐந்து நிமிடம் முன்னாடியே சூடேற்றிவிடுங்கள்.

இப்போது பெரிய சண்டை. ஒரு கட்சி, பிரெட்டை டோஸ்டரில் இரண்டு பக்கமும் நன்றாக வாட்டி, அப்புறம் சீஸைப் போட்டு கிரில்லில் வைக்கும். இன்னொரு கட்சி, கிரில்லில் ஒரு பக்கம் மட்டும் வாட்டி, திருப்பி, வாட்டாத பக்கத்தில் சீஸைப் போடும். வாட்டவே வேண்டாம் என்று பச்சை பிரெட்டிலேயே சீஸை வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், கிரில்லின் சூடு அடிப்பக்கத்துக்குப் போகாது, மேலே சீஸ் கொப்பளிக்கும்போது கீழே பிரெட் நீராவியில் ஊறிச் சொதசொத என்று ஆகிவிடும். முதல் கட்சியின் சிக்கல் என்னவென்றால் ஏற்கெனவே சிவந்த ஓரங்கள் மறுபடியும் கிரில்லில் நிற்கும்போது கருகிவிடுகின்றன, கடிக்கும்போது அண்ணத்தைக் கீறுகிற அளவுக்குக் காய்ந்தும் போகிறது. ஒரு பக்கக் கட்சி பக்கம்தான் நான், ஆனால் ஒரு சின்னத் திருத்தத்தோடு: அடிப்பக்கத்தை நல்ல பழுப்பாக வாட்டுங்கள், திருப்பிப் போட்டு மேல்பக்கத்தை நிறம் மாறத் தொடங்கும் வரை, அரை நிமிடம் போல, காயவிடுங்கள். தொட்டால் வறண்டிருக்கணும், அமுக்கினால் மெத்தென்று இருக்கணும். உருகும் சீஸின் கொழுப்பு அந்த மேற்பரப்பில் கொஞ்சமாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும், அடி மொறுமொறுப்பாகவே நிற்கும்.

வெண்ணெய் தடவலாமா? கொஞ்சமாகத் தடவலாம், நிறைய வேண்டாம், சீஸிலேயே போதுமான கொழுப்பு இருக்கிறது. நான் வெண்ணெய்க்குப் பதில் காரமான இங்கிலீஷ் கடுகு விழுதை மெல்லிசாகத் தடவுவேன்.

சீஸ் என்றால் பெரும்பாலும் செடார்தான். ‘எக்ஸ்ட்ரா மெச்சூர்’, அதாவது நீண்ட நாள் பழுக்கவைத்தது, என்று போட்டிருப்பதுதான் உசத்தி என்று நிறையப் பேர் வாங்குகிறார்கள். ருசியில் உசத்திதான், உருகுவதில் இல்லை. சீஸ் பழுக்கப் பழுக்க அதன் புரதம் உடைந்துகொண்டே வருகிறது, சூடு பட்டதும் கொழுப்பைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் எண்ணெய் தனியாகப் பிரிந்து பிரெட் மேல் குளம் கட்டும். இளசான சீஸ் அழகாக உருகும், ருசி சப்பென்று இருக்கும். அதனால் இரண்டையும் கலந்துவிடுங்கள், மெச்சூர் செடார் மூன்று பங்கு, நன்றாக உருகும் இங்கிலாந்து சீஸ்களான ரெட் லெஸ்டரோ லங்காஷயரோ ஒரு பங்கு. நம் ஊர்க் கடைகளில் கியூபாகக் கிடைக்கும் ப்ராசஸ்டு சீஸில் எண்ணெய் பிரியாமலிருக்க உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது சீராக இளகும் ஆனால் செடாரின் அந்தப் புளிப்பும் கூர்மையும் இருக்காது. அதையே துணைக்குக் கொஞ்சம் சேர்த்தால் நல்ல பலன் உண்டு. பனீர் வேண்டாம், அது எவ்வளவு சூட்டிலும் உருகாது.

துருவுவதா, துண்டு போடுவதா என்றால் துருவுவதுதான் என் வாக்கு, சீக்கிரம் உருகும், ஓரம் வரை இழுத்து மூடலாம். ஓரத்தை மூடுவது முக்கியம், சீஸ் இல்லாத இடம்தான் முதலில் கருகும். பாக்கெட்டில் துருவியே வருவதில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள்.

2013-ல் பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதற்கு ஒரு கணக்கே வெளியிட்டது: 10 மில்லிமீட்டர் தடிமன் வெள்ளை பிரெட், 50 கிராம் சீஸ், சூட்டிலிருந்து 18 சென்டிமீட்டர் தள்ளி, 115 டிகிரியில் 4 நிமிடம். 50 கிராம் என்பது சரியான அளவு, அதற்கு மேல் போனால் வழிந்துவிடும். தூரமும் பரவாயில்லை. ஆனால் 115 டிகிரியில் சீஸ் உருகும், சிவக்காது, அதனால் கடைசி ஒரு நிமிடம் தட்டை மேலே நகர்த்திச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், அப்போது அடுப்பை விட்டு நகராதீர்கள், பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவில் அரை நிமிடம்கூட இல்லை.

இந்தக் கருத்து வேறுபாடு இன்றைக்கு வந்ததில்லை. 1747-ல் வந்த, ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் சமையல் புத்தகத்திலேயே ஸ்காட்லாந்து முறை, வேல்ஸ் முறை, இங்கிலாந்து முறை என்று தனித்தனியாக இருக்கின்றன. வேல்ஸ் முறையில் சீஸின் மேல்பக்கத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சிவக்க வைக்கிறார்கள், இங்கிலாந்து முறையில் வாட்டிய பிரெட்டைச் சிவப்பு ஒயினில் ஊறவிட்டு அதன் மேல் சீஸ். மேலிருந்து சூடு வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

அப்புறம் வொர்செஸ்டர்ஷயர் சாஸ். லீ அண்ட் பெரின்ஸ் 1837-லிருந்து விற்கிற இந்தச் சாஸில் நம்ம புளியும் இருக்கிறது, நெத்திலி வகை மீனும் இருக்கிறது, சைவம் சாப்பிடுபவர்கள் மீன் இல்லாத வகையைப் பார்த்து வாங்குங்கள். முன்னாடி ஊற்றினால் பிரெட் நனையும், முழுக்க வெந்த பிறகு ஊற்றினால் மேலேயே ஓடி வழியும். சீஸ் பாதி உருகியதும் வெளியே எடுத்து, கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஏழெட்டுச் சொட்டு விட்டு மறுபடி உள்ளே வையுங்கள். கீறல்களில் இறங்கி, ஓரங்களில் சுண்டி, கறுப்புக் கோடுகளாக நிற்கும். தக்காளி போடுவதென்றால் மெல்லிசாக நறுக்கி, விதையும் நீரும் எடுத்துவிட்டு சீஸுக்கு மேலே போடுங்கள், அடியில் வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் மெனக்கெட நேரமிருந்தால் வெல்ஷ் ரேர்பிட் பக்கம் போகலாம், சீஸைக் கெட்டியான சாஸாகக் காய்ச்சி பிரெட் மேல் தடவி கிரில்லில் வைப்பது அது. நாலு துண்டுக்கு 25 கிராம் வெண்ணெயில் ஒன்றரை மேஜைக்கரண்டி மைதாவை வறுத்து, 100 மில்லி பீரோ பாலோ ஊற்றிக் கிளறி, கெட்டியானதும் தீயைக் குறைத்து 200 கிராம் செடார், ஒரு டீஸ்பூன் கடுகு விழுது, கொஞ்சம் அந்தச் சாஸ் சேர்த்துக் கரையவிடுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இதற்கு மட்டும் பிரெட்டை இரண்டு பக்கமும் வாட்டணும், கலவை ஈரமானது. முட்டையைக் கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்து மேலே வைத்தால் பக் ரேர்பிட். மிஞ்சிய கலவையை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், அப்படியே ஸ்பூனால் எடுத்துத் தடவி கிரில்லில் வைக்கலாம்.