டிஷ் வயர் வாங்கும்போது கடலோரத்தில் நடக்கும் தவறுகள்

டிஷ்ஷுக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நல்ல காசு கொடுத்துவிட்டு, நடுவில் ஓடும் வயரில் மிச்சம் பிடிக்கிறோம். குமரி மாவட்டத்தில் மழை இரண்டு பருவம், கடலோரத்தில் உப்புக்காற்று வருடம் முழுக்க. இங்கே முதலில் கெடுவது அந்த வயர்தான்.

பழைய லோக்கல் கேபிள் இணைப்பின் மெல்லிய ஆர்ஜி-59 வயரையே டிஷ்ஷுக்கும் இழுத்துவிடுவது வழக்கமான தவறு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற கருவியிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். மெல்லிய வயர் அதை வழியிலேயே தின்றுவிடும். அதைவிடத் தடித்த 75 ஓம் ஆர்ஜி-6 வயர்தான் வேண்டும். படகு வயர்லெஸ் செட்டுக்குப் போடும் 50 ஓம் வயர் மீதம் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. இரும்புமேல் செம்பு பூசிய கம்பி அது. இவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும், அதற்குப் பூச்சே போதும். ஆனால் பாக்ஸ் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புவதும் இதே கம்பியில்தான். இரும்பில் தடை அதிகம். வயர் நீளமாகி, இணைப்பிலும் துரு ஏறினால் 18 வோல்ட் குறைந்து, அதைக் கேட்கும் சேனல்கள் மட்டும் போய்விடும். பாதி சேனல் வந்து பாதி வரவில்லையா? டிஷ்ஷைத் திருப்பும் முன் வயரைப் பாருங்கள்.

வயர் முனையில் போடும் எஃப் கனெக்டரில் பெரும்பாலும் தனி பின் கிடையாது, நடுக்கம்பியே பின். வெட்டிய முனையில் இரும்பு வெளியே தெரியும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்துக் காற்றில் அது துருப்பிடிக்காமல் இருக்காது. அதனால் கடலோர வீட்டுக்கு விலை கூடினாலும் முழுச் செம்புக் கம்பி வாங்குங்கள். மேலுறை வெயில் தாங்கும் கறுப்பாக இருக்கட்டும்.

பழைய வயரில் புது கனெக்டர் போடும் முன் மேலுறையை இரண்டு விரல்கடை சீவிப் பாருங்கள். அலுமினியப் பின்னல் பளபளப்பாக இருந்தால் சரி. வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. நல்ல பின்னல் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட். கையால் திருகும் கனெக்டரைவிட, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் கனெக்டர் மேல். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள்.

குலசேகரம், அருமனை பக்கம் தொல்லை வேறு. ரப்பர் மரங்கள் வானத்தை மறைப்பதால் டிஷ்ஷை வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டிவரும். 50 மீட்டரைத் தாண்டினால் தடித்த ஆர்ஜி-11 நல்லது. ஆம்ப்ளிஃபையர் போடுவதானால் டிஷ் பக்கமே போடுங்கள். டிவி பக்கம் போட்டால், வழியில் இளைத்துப்போன சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.